பழைய மேப், மெட்டல் டிடெக்டர், அப்புறம் அந்த பத்து ரூபா சட்டம்

மெட்டல் டிடெக்டர் இப்போ ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குது, பழைய மெட்ராஸ் மேப்பும் நெட்ல சும்மாவே கிடக்குது, ரெண்டையும் வெச்சுக்கிட்டு எங்க தோண்டலாம்னு எங்க ராயபுரம் பசங்க டீக்கடையில பிளான் போட்டுட்டு இருந்தானுங்க, அதைக் கேட்டுட்டுதான் இதை எழுதறேன். ஆசைப்படறது தப்பில்ல. ஆனா 1878-ல வெள்ளக்காரன் போட்ட இந்தியப் புதையல் சட்டம்னு ஒண்ணு இன்னிக்கும் இருக்கு, அதைத் தெரிஞ்சுக்காம மண்வெட்டியத் தூக்காதீங்க.

புதையல்னா தங்கக் குடமா இருக்கணும்னு இல்ல. மண்ணுலயோ மண்ணோட சேர்ந்து நிக்கற சுவர் மாதிரி எதுலயோ மறைஞ்சு கிடக்கற மதிப்புள்ள எதுவும் புதையல்தான். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல போனா கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். அந்தக் காலத்துல பத்து ரூபாங்கறது பெரிய காசு, இன்னிக்கு எங்க தெருவுல ஒரு டீக்கே பத்தல, ஆனா சட்டத்துல அந்தத் தொகை அப்படியேதான் நிக்குது. லெட்டர்ல என்ன கிடைச்சுது, எவ்வளவு இல்லன்னா சுமாரா என்ன மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி, இவ்வளவுதான் வேணும். பொருளைப் பக்கத்து அரசு கருவூலத்துல ஒப்படைக்கணும், இல்லன்னா கேக்கும்போது கொண்டுவந்து காட்டறேன்னு கலெக்டர் கேக்கற ஜாமீன் கொடுக்கணும். லெட்டர் காப்பில சீல் போட்டு வாங்கிக்கோங்க, அது முக்கியம். சென்னை கலெக்டர் ஆபீஸ் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைல இருக்கு. திருவொற்றியூர், மணலி எல்லாம் 2018-ல சென்னை மாவட்டத்துக்கு வந்துடுச்சு, ஆனா அத்திப்பட்டு மீஞ்சூர்ல கிடைச்சா திருவள்ளூர் கலெக்டர்தான்.

அப்புறம் கலெக்டர் அறிவிப்பு போடுவாரு, உரிமை கோர்றவங்க வர்றதுக்கு நாலு மாசத்துக்குக் குறையாம ஆறு மாசத்துக்கு மேல போகாம ஒரு தேதி குறிப்பாங்க. யாரோட பொருள்னு தெரியல, நிலத்துக்காரர் மட்டும் வந்து கேக்கறாருன்னா, உங்களுக்குள்ள வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. நிலத்துக்காரரும் வரலன்னா முழுசும் கண்டெடுத்தவருக்கே. இதுதான் நிறைய பேருக்குத் தெரியாது, எல்லாத்தையும் கவர்ன்மெண்ட் புடுங்கிக்கும்னு பயந்து மறைக்கறாங்க. எங்க பக்கத்துல ஒரு வீட்டை இடிச்சப்போ மேஸ்திரி கையில நாலஞ்சு பழைய காசு சிக்குச்சு, வீட்டுக்காரரு ‘என் வீடு, என் காசு’ன்னு வாங்கிக்கிட்டாரு. சட்டத்தோட எழுத்தைப் பார்த்தா முக்கால் பங்கு மேஸ்திரியோடது.

கவர்ன்மெண்ட் எடுத்துக்கறதும் உண்டு, ஆனா சும்மா இல்ல, அந்தப் பொருள் எதுல செஞ்சதோ அதோட மதிப்பும் மேல அஞ்சுல ஒரு பங்கும் கொடுக்கணும். இங்கதான் எனக்கு மனசு ஒப்பல. அபூர்வமான செப்புக்காசுக்கு செம்பு விலைன்னா யாரு ஓடிப்போய் கொடுப்பா? ஆனாலும் மறைச்சு மாட்டினா உங்க பங்கு அரசுக்குப் போயிடும், அதோட ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா அபராதம், ரெண்டுமே கூட வரலாம்.

இப்போ மேப். 1755-ல கான்ராடிங்கறவர் போட்ட மெட்ராஸ் பிளான், அதுக்கப்புறம் வந்த சர்வே மேப்புங்க, இதுலயெல்லாம் சந்தை, சத்திரம், தோப்பு, படகுத்துறை மாதிரி கூட்டம் கூடின இடத்தைத் தேடணும், காசு கீழ விழறது அங்கதான். பக்கிங்காம் கால்வாய்ல விறகு, உப்பு ஏத்தின படகு வந்து நின்ன பேசின் பிரிட்ஜ் பக்கம் நல்ல உதாரணம். இன்னிக்கும் அதே இடத்துல நிக்கற ரெண்டு மூணு அடையாளத்தைப் புடிச்சு, திருவொற்றியூர் கோயில், 1856-ல தொறந்த ராயபுரம் ஸ்டேஷன் மாதிரி, பழைய மேப்பை இன்னிக்கு மேப் மேல பொருத்திப் பாருங்க. கரையோரம் மட்டும் ஏமாத்தும், ஏன்னா துறைமுகம் கட்டினதுக்கப்புறம் மெரினா பக்கம் மணல் சேர்ந்துச்சு, நம்ம பக்கம் கடல் அரிச்சுது, மேப்புல தரையா இருக்கறது இப்போ தண்ணிக்குள்ள கிடக்கலாம்.

இடம் கிடைச்சதும் நில ரெக்கார்டுல அது யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. தனியார்னா பங்கு எவ்வளவுன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு தோண்டுங்க, புறம்போக்கோ துறைமுகமோ ரயில்வேயோன்னா அந்தத் துறை அனுமதி இல்லாம கால் வைக்காதீங்க. பழைய ஜெயில் ரோடுல ஹைதர் அலி பயத்துல கட்டின டவுன் மதிலோட மிச்சம் இருக்கே, மேப்புல அது ரொம்ப அழகா தெரியும், எல்லாருக்கும் முதல்ல கண்ணு அங்கதான் போகும். அது மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கற இடம், அங்க மண்ணைக் கிளறினா புதையல் சட்டத்துக்கு முன்னாடி தொல்லியல் சட்டம் வந்து நிக்கும். நூறு வருஷம் தாண்டின காசு 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்காரன் நல்ல ரேட் தர்றான்னு கொரியர்ல அனுப்பிடாதீங்க, அது குத்தம்.

இன்னொண்ணு, 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகம் பக்கம் குண்டு போட்ட ஊரு இது, வெடிக்காத குண்டு மண்ணுக்குள்ள கிடக்கலாம். மெஷின் பெருசா கத்தி, தோண்டினா உருண்டையா துருப்புடிச்ச இரும்பு தெரிஞ்சா கை வைக்காம தள்ளி வந்து 112-க்கு போன் போடுங்க.