கம் பைக்ரோமேட் அச்சு: கறைக்குக் காரணம் நிறமியா, வெளிச்சமா?

கம் பைக்ரோமேட் என்ற பழைய புகைப்பட அச்சு முறையில், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் நிறம் தங்கிவிட்டால், பலரும் முதலில் எக்ஸ்போஷர் நேரத்தைத்தான், அதாவது ஒளி காட்டும் நேரத்தைத்தான், குறைப்பார்கள். அடுத்த அச்சில் கறை அப்படியே இருக்கும், படமோ கழுவும்போதே கரைந்து போயிருக்கும். குற்றம் வெளிச்சத்தில் இல்லாதபோது கடிகாரத்தைத் திருத்திப் பயனில்லை.

இந்த முறையில் வெள்ளி உப்பு கிடையாது. கம் அராபிக் பிசின், வாட்டர்கலர் நிறமி, டைக்ரோமேட் (ஒளிபட்டால் மாறும் குரோமிய உப்பு) கரைசல் மூன்றையும் கலந்து தாளில் பூசி உலர்த்தி, அச்சளவிலேயே உள்ள நெகட்டிவை மேலே வைத்து அழுத்தி, புற ஊதா ஒளி காட்டுகிறோம். ஒளி பட்ட இடத்தில் டைக்ரோமேட்டில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனாக ஒடுங்கி, பிசின் மூலக்கூறுகளைப் பிணைக்கிறது. பிணைந்த பிசின் நீரில் கரையாது. நிறமி அதற்குள் சிக்கிக்கொள்கிறது. மற்றதெல்லாம் கழுவும்போது போய்விட வேண்டும். போகாவிட்டால்தான் சிக்கல்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு தாள் பட்டைகள் போதும். ஒன்றில் வழக்கமான கலவையைப் பூசி, ஒளியே காட்டாமல் கழுவுங்கள். இன்னொன்றில் டைக்ரோமேட்டுக்குப் பதிலாக அதே அளவு தண்ணீர் சேர்த்துப் பூசி, உலர்ந்ததும் கழுவுங்கள். இரண்டும் வெளுத்தால் மட்டுமே எக்ஸ்போஷர் மீது சந்தேகப்படலாம். இரண்டிலும் கறை நின்றால் நிறமியோ தாளோ காரணம். டைக்ரோமேட் பட்டை மட்டும் கறைபட்டால், பூச்சு இருட்டிலேயே இறுகிவிட்டது என்று பொருள். பழைய கையேடுகள் சில, தண்ணீர்ப் பட்டையைக் கொண்டே நிறமியின் உச்ச அளவைக் கணக்கிடச் சொல்லும். அது சரிவராது, ஒளியில் இறுகும் பிசின் நிறமியைப் பிடித்துவைக்கும் விதம் வேறு.

நிறமிக் கறைக்குப் பெரும்பாலும் தாளின் சைசிங்தான், அதாவது இழைகளை அடைக்கும் பூச்சில் உள்ள குறைதான், காரணம். இழைகள் திறந்திருந்தால் நுண்ணிய நிறமித் துகள்கள் உள்ளே புகுந்துவிடும், பிறகு எந்தக் கழுவலும் அவற்றை எடுக்காது. 3 சதவீத ஜெலட்டின் கரைசல் பூசி, உலர்ந்தபின் கிளையாக்சால் என்ற வேதிப்பொருளில் இறுக்கிய தாள் இதைத் தடுக்கும். அடுத்து நிறமியின் அளவைப் பாருங்கள். 14 போமே (திரவ அடர்த்தியின் அளவுகோல்) அடர்த்தியுள்ள பிசின் 10 மி.லி., டைக்ரோமேட் கரைசல் 10 மி.லி., குழாய் வாட்டர்கலர் 1 கிராம் என்று தொடங்கலாம். விளக்குக் கரி, தாலோ நீலம் போன்ற வீரியமானவற்றுக்கு அதில் பாதியே போதும். கலவையில் நிறமி மிஞ்சிப் பிசின் குறைந்தால், வெள்ளைப் பகுதி கறுத்து நிழல்பகுதி வெளுத்த தலைகீழ்ப் படம்கூட வரும். கண்ணைக் கவரும் விபத்துதான், ஆனாலும் விபத்து. குழாயில் ஒற்றை நிறமிக் குறியீடு உள்ள வண்ணத்தையே வாங்குங்கள். கலப்பு வண்ணத்தில் எது கறை விட்டது என்று தெரியாது.

இருட்டில் இறுகுவதற்கு வெப்பமும் ஈரமும் காரணம். சூடான காற்றில் உலர்த்தாதீர்கள், பூசிய தாளை மறுநாளைக்கு எடுத்துவைக்காதீர்கள். ஒளி காட்டியதையும் உடனே கழுவிவிடுங்கள். இறுகுதல் ஒளியை அணைத்த பிறகும் தொடரும்.

இனி எக்ஸ்போஷர். ஒளி மேலிருந்து வருவதால் பூச்சு மேலிருந்து கீழாக இறுகுகிறது. பூச்சு தடிமனாகவோ நிறமி அடர்த்தியாகவோ இருந்தால் ஒளி அடிவரை எட்டாது. மேல்தோல் இறுகியும் அடிப்பகுதி கரைந்துபோவதால் நிழல்பகுதிகள் செதில்செதிலாக உரிகின்றன. இதற்கு நேரத்தைக் கூட்டினால் உரிவது குறையலாம், ஆனால் வெளிர்ப்பகுதிகள் அடைத்துக்கொள்ளும். பூச்சை மெல்லியதாக்கி, இரண்டு மூன்று தடவை தனித்தனியாக அச்சிடுவதே வழி. நிழலுக்குக் குறைந்த நேரம், வெளிர்ப்பகுதிக்கு நிறமி குறைந்த கலவையில் அதிக நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். முதல் பூச்சுக்கு முன்பே தாளை வெந்நீரில் ஊறவைத்துச் சுருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெகட்டிவ் மறுமுறை பொருந்தாது.

சரியான நேரத்தைக் கண்டுபிடிக்க, தெளிவிலிருந்து கருமை வரை படிப்படியாக அடர்த்தி கூடும் 21 படி அடர்த்திப் பட்டை உதவும். ஒரு படிக்கு அடர்த்தி வேறுபாடு 0.15, ஆகவே நேரத்தை இரட்டித்தால் படம் இரண்டு படி நகரும். முதல் நான்கு படிகள் ஒரே கருமையாக ஒட்டிக்கொண்டால் நேரத்தைப் பாதியாக்கலாம். டைக்ரோமேட்டைக் கூட்டினால் வேகம் ஏறும், கான்ட்ராஸ்ட் இறங்கும், குறைத்தால் நேர்மாறு. அம்மோனியம் டைக்ரோமேட்டைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டைவிட அடர்த்தியாகக் கரைக்க முடியும் என்பதால் அது வேகமானது. ஒரு கரைசலுக்குக் கண்டறிந்த நேரம் மற்றதற்கு ஒத்துவராது.

கழுவுவது 20 டிகிரி நீரில், முகம் கீழாக மிதக்கவிட்டு, நீரை மாற்றிக்கொண்டே அரை மணி நேரம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் கரைந்தால் ஒளி போதவில்லை. ஒரு மணி நேரமாகியும் அசையாவிட்டால் வெதுவெதுப்பான நீரும் மென்தூரிகையும் கொஞ்சம் மீட்கும்.

அச்சு முழுவதும் மங்கிய பழுப்பு மஞ்சள் படிந்திருந்தால் அது நிறமியல்ல, எஞ்சிய குரோமியம். 1 சதவீத சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் சில நிமிடம் வைத்துக் கழுவினால் போய்விடும். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை உள்ளது. நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, பொடியின் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. மீந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் தனிப் பாத்திரத்தில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.