ஒரு டிரம் ஐபிஏ ஏன் திரும்பி வருவதில்லை?

சர்க்யூட் போர்டில் பற்றவைப்புக்குப் பூசிப் படிந்த ஃபிளக்ஸைக் கழுவ, பற்றவைப்புப் பசை அச்சிடும் ஸ்டென்சிலைத் துடைக்க, சிப் செய்யும் சிலிக்கான் வேஃபரைக் காயவைக்க என்று பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பல வேலைகளுக்கும் கைகொடுப்பது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். வேலையிடத்துப் பேச்சில் வெறும் ஐபிஏ. 200 லிட்டர் டிரம்மில் வந்து இறங்கும். ஒரு டிரம்மில் ஏறக்குறைய 160 கிலோ. உபயோகித்து முடிந்தபின் அந்த மூலக்கூறு அழிந்துவிடுவதில்லை. கொஞ்சம் தண்ணீர், ஃபிளக்ஸிலிருந்து வந்த கொஞ்சம் ரோசின் பிசின், கொஞ்சம் அழுக்கு சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். காய்ச்சி வடித்தால் மறுபடியும் ஐபிஏ. அப்படியிருந்தும் எத்தனையோ டிரம்கள் எரியுலைக்குப் போய்ச் சேர்கின்றன.

வேதித் தொழிலில் பசுமை விநியோகச் சங்கிலிக்கு என்ன தடை என்று கேட்டால் பணம், தொழில்நுட்பம், விழிப்புணர்வு என்று ஒரு பட்டியல் உடனே வரும். பட்டியல் தப்பில்லை. ஆனால் எந்தத் தடை எதைப் பிடித்து இழுக்கிறது என்பது அதில் தெரியாது. ஒரு டிரம்மின் பின்னாலேயே நடந்து பார்த்தால் தெரியும்.

முதலில் கணக்கு. ஒரு கிலோ ஐபிஏ முழுதாக எரிந்தால் 2.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எரித்ததற்கு ஈடாகப் புதிது வாங்கவேண்டும். அதைச் செய்ய, இழப்பே இல்லை என்று வைத்தாலும், கிலோவுக்கு 0.7 கிலோ புரொப்பிலீன் வேண்டும். காய்ச்சி வடிப்பதற்கோ, குளிர்ந்து கோபுரத்துக்கே திரும்பும் பங்கான ரிஃப்ளக்ஸையும் சேர்த்து, கிலோவுக்கு 2 மெகாஜூல் வெப்பம் என்று வைக்கலாம். எரிவாயு பாய்லரில் அந்த வெப்பத்தை எடுத்தால் வெளியேறுவது 0.15 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். 2.2 எங்கே, 0.15 எங்கே. இயற்பியல் மீட்பின் பக்கம்தான் நிற்கிறது.

தொழில்நுட்பமும் பழையதுதான். தண்ணீர் கலந்த ஐபிஏயைக் கோபுரத்தில் வடித்தால் 80.4 டிகிரியில் ஒரு முட்டுக்கட்டை வரும்: 88 விழுக்காடு ஐபிஏ, 12 விழுக்காடு நீர் என்ற விகிதத்தில் இரண்டும் சேர்ந்தே ஆவியாகும். இதற்கு அசியோட்ரோப் என்று பெயர். அதற்குமேல் எத்தனை தட்டுகளை அடுக்கினாலும் பிரியாது. எனவே அந்த ஆவியை 3ஏ வகை மூலக்கூறு சல்லடை நிரப்பிய தொட்டி வழியாக அனுப்புவார்கள். 3 ஆங்ஸ்ட்ராம் துளைக்குள் நீர் நுழையும், ஐபிஏ நுழையாது. சல்லடை நிரம்பியதும் சூடேற்றி நீரை விரட்டிவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். 99.5 விழுக்காட்டுக்கு மேல் தூய்மை கிடைக்கும்.

சங்கடம் டிரம்மின் வாயிலேயே ஆரம்பிக்கிறது. “எல்லாம் தின்னர்தானே, ஒரே டிரம்ல ஊத்து” என்ற ஒரு சொல் போதும். பேக்கிங் லைனில் தேதி அச்சடிக்கும் இங்க்ஜெட் இயந்திரம் இருக்கிறது; அதைக் கழுவ எம்இகே என்ற மெதில் எதில் கீட்டோன் வரும். கழுவிய எம்இகே 5 லிட்டர் ஐபிஏ டிரம்முக்குள் விழுந்தால் என்ன ஆகும்? எம்இகேயின் கொதிநிலை 79.6 டிகிரி, ஐபிஏயின் கொதிநிலை 82.4. மூன்று டிகிரிகூட வித்தியாசமில்லை. போதாக்குறைக்கு இரண்டும் தங்களுக்குள்ளேயே ஒரு அசியோட்ரோப் கட்டிக்கொள்ளும். சாதாரணக் கோபுரம் இதைப் பிரிக்காது. அந்த 5 லிட்டர், கிடங்கில் தனியாக நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. உள்ளே விழுந்ததால் 160 கிலோவும் தகுதி இழக்கிறது.

குளோரின் உள்ள கரைப்பான், உதாரணமாக டைகுளோரோமீத்தேன், விழுந்தால் கதை இன்னும் மோசம். எரிக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு உண்டாகி உலையையும் குழாயையும் அரிக்கும். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு செம்புக் கம்பி போதும். கம்பியைச் சுடரில் காட்டி, நிறம் எதுவும் வராத அளவுக்குச் சுட்டு, ஆறவிட்டு, மாதிரித் துளியில் தொட்டு மறுபடி சுடரில் காட்டவேண்டும். பச்சைச் சுடர் எழுந்தால் ஹாலோஜன், அதாவது குளோரின் வகைத் தனிமம், இருக்கலாம். சில நைட்ரஜன் சேர்மங்களும் பச்சை காட்டி ஏமாற்றும் என்பதால் பச்சை வந்த டிரம்மை ஒதுக்கிவைத்து ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது வழக்கம். ஐபிஏயின் தீப்பற்று நிலை, அதாவது அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை, 12 டிகிரி, பினாங்கின் வெயிலோ 30-க்கு மேல். அதனால் சோதனை ஆய்வகத்தில் நடக்கவேண்டும், டிரம் பக்கத்தில் ஒருபோதும் கூடாது.

மழையும் ஒரு கலப்படக்காரன்தான். வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த டிரம்மின் மூடியில், விளிம்புக்குள், மூன்று நான்கு லிட்டர் மழைநீர் தேங்கும். காலை வெயிலில் உள்ளே உள்ள ஆவி விரிந்து சிறிது வெளியேறும். மத்தியான மழை அடித்ததும் டிரம் சட்டென்று குளிர்ந்து உள்ளே வெற்றிடம் உண்டாகும்; அது மரைமூடியின் கேஸ்கெட் இடுக்கு வழியாகத் தேங்கிய நீரை உறிஞ்சும். டிரம் மூச்சு விடுகிறது என்பார்கள். மீட்பு நிலையத்தின் வாசலில் கார்ல் ஃபிஷர் முறையில் நீரளவு பார்க்கும்போதுதான் இது வெளிப்படும். நீர் கூடினால் கொடுக்கும் விலை குறையும், அல்லது வாங்க மறுப்பார்கள். ஒரு கூரை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

அடுத்தது சட்டம். மலேசியாவில் பயன்படுத்தி முடிந்த ஐபிஏ 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தும் அபாயக் கழிவு. ஹாலோஜன் இல்லாத கரைப்பானுக்கு எஸ்டபிள்யூ 322 என்ற குறியீடு, ஹாலோஜன் உள்ளதற்கு எஸ்டபிள்யூ 323. கழிவு உண்டான 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். வளாகத்தில் 180 நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. 20 டன் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டால் அதுவே வரம்பு. உரிமம் பெற்ற லோரி, உரிமம் பெற்ற நிலையம், இ-ஸ்விஸ் இணையமுறையில் பதிவு. விதி நல்ல விதிதான். கழிவு ஓரிடத்தில் தேங்கி மறக்கப்படக்கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. ஆனால் சிறிய ஆலைக்கு அதே கடிகாரம் வேறு மாதிரி அடிக்கிறது.

மாதம் இரண்டு டிரம் கழிவு வரும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். 180 நாளில் 12 டிரம், இரண்டு டன்னுக்கும் குறைவு. மீட்பு நிலையம் எதிர்க்கரையில் உள்ள பிறை ஊரில் இருந்தால் பாலம் தாண்டினால் போதும். கோலாலம்பூரை அடுத்த ஷா ஆலம் பக்கம் என்றால் சுமார் 350 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் ஒருவழிப் பயணத்துக்கு 284 கிலோ. 40 டிரம் ஏறினால் கிலோ ஐபிஏவுக்கு 0.04. நான்கே டிரம் ஏற்றி அனுப்பினால் 0.44, வடிப்பதைவிட மூன்று மடங்கு. கார்பன் கணக்கில் இதுவும் தாங்கும். எரிப்பதைவிட இன்னும் குறைவுதான். லோரி வாடகையில்தான் தாங்காது. நான்கு டிரம்முக்கும் நாற்பது டிரம்முக்கும் ஓட்டுநர் கூலியும் சுங்கமும் ஒன்றே. மேலும் ஒவ்வொரு சிறு சரக்குக்கும் வடிகலனைக் காலி செய்து கழுவவேண்டும். கழுவிய திரவமும் கழிவுதான். அக்கம்பக்கத்து ஐந்தாறு பட்டறைகளுக்கு ஒரே நாளில் ஒரே லோரி சுற்றிவருவதே இதற்கு மருந்து. அதற்கு அவர்கள் எல்லோரின் டிரம்மும் ஒரே தரத்தில் இருக்கவேண்டும். மறுபடி டிரம்மின் வாய்க்கே வந்து நிற்கிறோம்.

தகவல் எங்கே அறுகிறது என்பதையும் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து டேங்கரில் கிள்ளான் துறைமுகம் வரும் கரைப்பானை, கோலாலம்பூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு வணிகர் வாங்கி, டிரம்மில் அடைத்து, தன் லேபிளை ஒட்டுவார். அதை வேறொருவர் பிரித்து, இன்னொரு திரவத்தோடு கலந்து, ‘கிளீனர்’ என்ற வணிகப் பெயரில் விற்பார். ஆலைக்கு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் ‘10 முதல் 30 விழுக்காடு’ என்று மட்டும் இருக்கும். தொழிலாளரைக் காக்க அது போதலாம். மீட்பவருக்கு 10-ஆ 30-ஆ என்பதுதான் வாழ்வும் சாவும். முதல் உற்பத்தியாளரின் கார்பன் எண்ணும் இந்த மூன்று கை மாறுதலில் எங்கோ கழன்றுவிடும். 2013-ஆம் ஆண்டு விதிப்படி அந்தத் தாளும் லேபிளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும். டிரம்மில் ஊற்றுகிறவர் நேபாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். லேபிளைவிட டிரம்முக்கு அடிக்கும் வண்ணம் அவருக்கு அதிகம் பேசும்.

இத்தனையும் தாண்டி 99.5 விழுக்காடு தூய ஐபிஏ வந்துவிட்டது என்று வைப்போம். வேஃபர் வேலைக்கு அது போகாது. அங்கே கேட்பது ஒவ்வொரு உலோகமும் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கும் கீழே. வடிகலனின் எஃகும், பழைய டிரம்மும், வால்வின் கேஸ்கெட்டும் அதைவிடக் கூடுதலாகச் சிந்தும். போர்டு துடைக்க, உதிரிபாகம் கழுவ அது தாராளம். அங்கேயும் ஒரு பூட்டு உண்டு. வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த மூலப்பொருள் பட்டியலில் புது ஐபிஏதான் இருக்கும். மாற்றவேண்டுமானால் மாற்ற அறிவிப்பு, மாதிரிச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை என்று மாதக்கணக்கில் ஓடும். சில டிரம் மிச்சப்படுத்த எந்தத் தர மேலாளர் அந்தப் பொறுப்பைத் தலையில் ஏற்றுவார்? அதே கட்டடத்தில் கொள்முதல் பிரிவு கிலோ விலை குறைத்ததற்குப் பாராட்டு வாங்கும். அப்புறப்படுத்தும் செலவு வேறொரு கணக்கில் விழும். இரண்டையும் ஒரே தாளில் கூட்டிப் பார்க்க ஆளிருக்காது.

தடைகளை ஆராய்கிறவர்கள் இதைக் கட்டங்கள் கொண்ட ஒரு அட்டவணையாகப் போடுவார்கள். ஒவ்வொரு தடைக்கும் குறுக்காக ஒரு வரிசை, நெடுக்காக ஒரு பத்தி. ‘கலப்படம்’ என்ற தடை ‘மீட்புச் செலவு’ என்ற தடையை உண்டாக்கினால் அந்தக் கட்டத்தில் 1, இல்லையென்றால் 0. வரிசையைக் கூட்டினால் அது எத்தனை தடைகளைத் தள்ளுகிறது என்பது வரும். பத்தியைக் கூட்டினால் எத்தனை தடைகளால் தள்ளப்படுகிறது என்பது வரும். எண்ணை நிரப்புவது நிபுணர்களின் கருத்துதான் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டியதில்லை. ஆனாலும் இந்த டிரம்முக்குப் போட்டுப் பார்த்தால் ‘செலவு அதிகம்’ என்பது நிறையத் தள்ளப்பட்டு, குறைவாகத் தள்ளும் இடத்தில் நிற்கும். மானியத்தை மட்டும் அங்கே கொட்டினால் கலப்படமும் பிரிந்துகிடக்கும் கணக்கும் அடியில் அப்படியே இருக்கும்.

அந்த அட்டவணையில் சேர்க்கத் தயங்கும் ஒரு தடையும் உண்டு: திருட்டுத்தனமாகக் கொட்டுவது. 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் வேதிக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை தேடினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. இரவில் கொட்டுகிறவனின் கட்டணத்தோடு நேர்மையான எந்த நிலையமும் போட்டி போட முடியாது. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, அபராத உச்சம் 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. இது மீட்புத் தொழிலுக்கும் கிடைத்த மறைமுக உதவி.

பணம் கைமாறும் விதத்தையே மாற்றும் ஒரு வழியை ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோ முன்வைத்து வருகிறது. வேதிப்பொருள் குத்தகை என்று அதைச் சொல்லலாம். விற்பவருக்குக் கிலோ கணக்கில் காசு கிடையாது; கழுவிய போர்டுக்கு இவ்வளவு, துடைத்த சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். அப்போது ஐபிஏ வீணானால் நட்டம் விற்றவருக்கு. மூடி திறந்துகிடக்கிறதா, எம்இகே விழுகிறதா என்று அவரே வந்து பார்ப்பார். ஒப்பந்தத்தில் நீரின் மேல்வரம்பு, ஹாலோஜன் கூடாது என்ற வரி, மாதிரி எடுப்பது யார், தகராறு வந்தால் யார் வைத்திருக்கும் மாதிரி செல்லும் என்ற நான்கும் எழுதப்படாவிட்டால் மூன்றாம் மாதமே சண்டைதான்.

கடைசியில் காலி டிரம் மிஞ்சும். அதுவும் எஸ்டபிள்யூ 409 என்ற அட்டவணைக் கழிவு. கழுவினால் கழுவிய நீர் வரும், நசுக்கினால் அடுத்த சரக்குக்குப் புது டிரம் வேண்டும். ஐபிஏ வந்த டிரம்மிலேயே, அதன் லேபிளைக் கிழித்து, கழிவு லேபிளை ஒட்டி, அதே ஐபிஏயின் கழிவை நிரப்பி அனுப்பினால் இந்த ஒரு சுற்று மிச்சமாகும்.