பேஸ் ஆம்ப் இல்லாமல் மேடையேறுபவர்கள் கவனிக்க வேண்டியவை

மதுரையைச் சுற்றியுள்ள கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒலியமைப்புச் செய்து வருகிறேன். முன்பெல்லாம் மெல்லிசைக் குழுவின் வேனிலிருந்து பேஸ் ஆம்பை, அதாவது பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டியை, இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். மேடையில் அதற்கென்று ஓர் இடமும் ஒதுக்க வேண்டும். இப்போது பேஸ் வாசிக்கும் பிள்ளைகள் தோளில் கிட்டாரும் பையில் ஒரு கிலோ கூடத் தேறாத பிரீஆம்ப் பெடலுமாக (கிட்டார் சிக்னலைச் சீராக்கி அனுப்பும் சிறு பெட்டி) மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்து வந்துவிடுகிறார்கள். இதில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. பேஸ் கிட்டாரை ஆம்ப் இல்லாமல் நேராக மிக்சருக்குக் கொடுப்பது புதிய வழக்கமும் அல்ல; அமெரிக்காவின் டெட்ராய்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களிலேயே அப்படி வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் ஆம்ப் செய்துவந்த வேலைகளில் எது பெடலுக்கு வந்தது, எது வரவில்லை என்பதை அறியாமல் மேடையேறுபவர்களைப் பார்க்கும்போதுதான் கவலையாக இருக்கிறது.

கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கிட்டாரின் பிக்கப் தரும் சிக்னல் மிகவும் நலிந்தது. அதை மிக்சரின் மைக் சேனலில் நேராகச் சொருகினால், சில ஆயிரம் ஓம் மின்தடை மட்டுமே உள்ள அந்த உள்ளீடு ஒலியின் மேற்பகுதியை விழுங்கிவிடும். பெடலின் உள்ளீடு பெரும்பாலும் 10 லட்சம் ஓம் அளவில் இருப்பதால் பிக்கப்பின் ஒலி சிதையாமல் உள்ளே வருகிறது; அதன் பிறகு டோனைத் திருத்தி, நீண்ட கேபிளில் இரைச்சல் ஏறாதபடி பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றி மிக்சருக்கு அனுப்புகிறது. ஆம்பின் முன்பாதி வேலை இவ்வளவுதான். பின்பாதி வேலை, அதாவது நூற்றுக்கணக்கான வாட்டில் ஸ்பீக்கரை அசைத்துக் காற்றைத் தள்ளுவது, பெடலில் கிடையாது. அந்தப் பொறுப்பு முழுவதும் மைக் செட்காரரின் தலையில் வந்து விழுகிறது என்பதைப் பல பிள்ளைகள் யோசிப்பதில்லை. அவர்களிடம் சொல்வதற்கு எங்கள் தரப்பிலும் ஆளில்லை.

சென்ற பங்குனியில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா. மேடையில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பேஸ் வாசிக்க வந்திருந்த தம்பி ஏதோ சொல்வதற்காக மைக்கை நெருங்கி, உதடு பட்டதும் விருட்டென்று பின்வாங்கினார்.

“அண்ணே, சுருக்குன்னு இழுக்குதுண்ணே.”

“கம்பிய விடு தம்பி. மைக்கையும் தொடாத, அப்படியே நில்லு.”

போய்ப் பார்த்தேன். தன் காதுக்குப் பேஸ் கேட்க வேண்டும் என்பதற்காக, பெடலின் இரண்டாவது வெளியீட்டை அவரே கொண்டுவந்திருந்த ஒரு பவர்டு ஸ்பீக்கருக்கு (உள்ளேயே ஆம்ப் உள்ள ஸ்பீக்கர்) கொடுத்திருந்தார். அந்த ஸ்பீக்கருக்கான கரண்ட் எங்கள் போர்டிலிருந்து வரவில்லை. சீரியல் லைட்டுக்காக இழுத்திருந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து வந்தது. அதன் பிளக்கில் மூன்றாவது பின், அதாவது எர்த் பின், ஒடிக்கப்பட்டிருந்தது. ஸ்பீக்கரை இணைத்தபோது ‘ம்ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டதால், பெடலில் இருந்த கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானையும் அழுத்தியிருக்கிறார். இரைச்சல் போய்விட்டது, அதோடு அவருடைய கிட்டார் கம்பிகளுக்கும் எங்கள் மிக்சரின் எர்த்துக்கும் இருந்த ஒரே இணைப்பும் போய்விட்டது. எர்த் இல்லாத ஸ்பீக்கரின் உலோகப் பாகத்தில் கசிந்த மின்சாரம் பெடல் வழியாகக் கம்பிக்கு வந்து, எர்த் செய்யப்பட்ட எங்கள் மைக்கில் இறங்க வழி தேடிக்கொண்டிருந்தது. அந்த வழியாக அமைந்தது அவர் உடம்பு.

அன்று வந்தது சிறு கசிவுதான். அதே ஸ்பீக்கருக்குள் இன்சுலேஷன் பழுதாகி ஃபேஸ் ஒயர் உலோகத்தைத் தொட்டிருந்தால் 230 வோல்ட்டும் அதே வழியில்தான் வந்திருக்கும். இடது கை கம்பியில், உதடு மைக்கில் என்றால் மின்சாரம் நெஞ்சுப் பக்கமாகவும் போகலாம். பெடலின் கிரவுண்ட் லிஃப்ட் சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் விலக்குகிறது. இரைச்சலைத் தீர்க்க அது முறையான வழிதான், ஆனால் மேடையில் உள்ள மற்றக் கருவிகளெல்லாம் ஒழுங்காக எர்த் ஆகியிருக்கும்போது மட்டுமே. பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பது எந்த நிலையிலும் முறையல்ல. தொழிலுக்கு வந்த புதிதில் இரைச்சலுக்குப் பயந்து நானும் ஒடித்தவன்தான் என்பதால் இதை உரக்கச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. ஸ்பீக்கரின் பிளக்கை மாற்றி எங்கள் போர்டிலிருந்தே கரண்ட் கொடுத்து, லிஃப்ட் பொத்தானை விடுவித்தோம். இழுப்பும் இல்லை, இரைச்சலும் இல்லை. இப்போது மேடைக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் நான் வேலை ஒப்புக்கொள்வதில்லை. வாசிப்பவர்களும் ஒரு மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து, கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் இடையே ஒரு முறை பார்த்துவிட்டால் நல்லது. சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால், காரணம் தெரியும்வரை மைக்குக்கு அருகே போகாதீர்கள்.

பேண்டம் பவர் அடுத்த சங்கதி. கண்டென்சர் மைக்குக்காக மிக்சர் அனுப்பும் 48 வோல்ட்டில் சில பெடல்கள் இயங்கும், சில பெடல்கள் அதைத் தாங்கும், வேறு சில பழுதாகும். சிறிய மிக்சர்கள் பலவற்றில் ஒரே பொத்தான் எல்லாச் சேனலுக்கும் சேர்த்து 48 வோல்ட்டைத் திறந்துவிடுகிறது. ஆகவே பெடலின் கையேட்டை வீட்டிலேயே படித்துவிட்டு வாருங்கள். தாங்கும் பெடலாகவே இருந்தாலும், சேனல் மியூட் ஆகியிருக்கிறதா என்று கேட்காமல் கேபிளைச் சொருகாதீர்கள், பிடுங்காதீர்கள். அடி ஒலி தரும் 18 இஞ்ச் ஊஃபர் ஸ்பீக்கர்களில் ‘டொம்’ என்று விழும் அந்த அடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் காதுக்கும் ஆகாது, என் ஊஃபருக்கும் ஆகாது.

“பேஸ் மெலிசா கேக்குதுண்ணே” என்பது நான் அடிக்கடி கேட்கும் குறை. உடனே பெடலைத் திருகாதீர்கள். நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸிலும், ஐந்து கம்பி பேஸில் அதற்கும் கீழே சுமார் 31 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கிறது. மிக்சர் சேனலில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் பொத்தான் முந்தைய கச்சேரியில் பாடகருக்காக அழுத்தப்பட்டு அப்படியே கிடந்தால், அந்தக் கம்பியின் அடித்தளமே போய்விடும். அதை விடுவியுங்கள் என்று மிக்சரில் இருப்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். வாசிப்பவர் தன் ஒலியைக் கேட்பதற்காகக் காலடியில் இருக்கும் 12 இஞ்ச் மானிட்டர் ஸ்பீக்கரில் அடி ஒலியை ஏற்றிப் பயனில்லை. அந்த மானிட்டரால் அடி ஒலியைத் தர முடியாது. 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையும், விரல் படும் ஓசை தெரிய 700, 800 ஹெர்ட்ஸ் பக்கமும் சற்று ஏற்றினால் சுரம் தெளிவாகக் காதில் விழும். வேட்டி நுனி ஆடும்படி முதுகுக்குப் பின்னால் ஆம்ப் தந்த அந்தச் சுகம் மட்டும் கிடைக்காது. அதை நான் மறுக்கவில்லை.

பெடல் போதுமா என்பதைப் பெடலை வைத்து முடிவு செய்ய முடியாது. ஊஃபர்கள் உள்ள திறந்தவெளி மேடைக்குப் போதும். சுவரில் இரண்டு ‘காலம்’ எனும் தூண் வடிவ ஸ்பீக்கர் மட்டும் மாட்டிய மண்டபத்துக்கோ சிறிய தேவாலயத்துக்கோ ஆம்ப் கொண்டுபோவதுதான் உத்தமம். அட்வான்ஸ் வாங்கும் அன்றே “என்ன பாக்ஸ் போடுறீங்க?” என்று மைக் செட்காரருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் இடைவெளியையும் எண்ணிப் பாருங்கள். அடாப்டரை மட்டும் நம்பிய பெடல் அணைந்துவிடும். டிஜிட்டல் வகை என்றால் மீண்டும் விழித்தெழச் சில நொடிகள் எடுக்கும், பாட்டு காத்திருக்காது. பெடல் ஏற்குமானால் புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்றைப் போட்டுவையுங்கள். பெடலே செத்துப்போனால் மாற்றுவதற்காக, கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும், கரண்டே தேவைப்படாத பாசிவ் டிஐ பெட்டி ஒன்று என் கேபிள் பெட்டியில் எப்போதும் கிடக்கிறது. டோன் இராது, ஆனால் சுரம் வரும். உசிலம்பட்டித் தம்பியும் அதுபோல் ஒன்று வாங்கி, பெடலோடு சேர்த்துப் பையில் வைத்திருக்கிறார்.