கெர்னல் பேனிக் – சொல் விளக்கம்

தன் தரவுகளை இனி நம்ப முடியாது என்று கண்டதும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் கணினியைத் தானே நிறுத்திவிடுவதற்குப் பெயர் கெர்னல் பேனிக். லினக்ஸ் திரையில் ‘கெர்னல் பேனிக் – நாட் சிங்கிங்’ என்ற வரியும், அடுத்துக் காரணமும் தெரியும்.

கிரேக்கரின் ஆட்டுக்கால் தெய்வமான பான், ஆளற்ற காடுமேடுகளில் காரணமில்லாத கிலியைக் கிளப்புவான் என்பது நம்பிக்கை. அவன் பெயரிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கெர்னலுக்குள் அதைப் பரப்பியது யூனிக்ஸ் என்னும் இயங்குதளம். 1975இல் வந்த ஆறாம் பதிப்பில் பேனிக் சில வரிகளே கொண்ட செயற்கூறு: நினைவகத்தில் தேங்கியதை வட்டில் எழுதும், செய்தியை அச்சிடும், பிறகு முடிவில்லாச் சுழலில் கிடக்கும். இன்றைய லினக்ஸ் அந்த முதல் வேலையைச் செய்வதில்லை. கெட்ட நினைவகத்தில் இருப்பதை எழுதினால் வட்டில் உள்ள நல்ல கோப்பும் பாழாகும். ‘நாட் சிங்கிங்’ (வட்டோடு ஒத்திசைக்கவில்லை) சொல்வது இதைத்தான். பலர் நினைப்பதுபோல அது பிழையின் பெயர் அல்ல.

கெர்னலின் சிறு தவறான ஊப்ஸ் வேறு. அதில் தவறு செய்த செயல்முறை மட்டும் கொல்லப்படும், கணினி தள்ளாடியபடி ஓடும். சாதனங்களின் குறுக்கீட்டுக்குப் பதில் தரும் இடையீட்டுக் கையாளிக்குள் ஊப்ஸ் நேர்ந்தாலோ, செத்தது முதல் செயல்முறையான இனிட் என்றாலோ, அது பேனிக்காக மாறும்.

தமிழில் ‘கெர்னல் பீதி’ என்று எழுதுவது சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குப் பொருந்தாது. இங்கே யாரும் பதறவில்லை. யோசித்து எழுதிய நிறுத்தம் இது. ‘முடக்கம்’ என்றால் உறைந்து நிற்பதோடு குழம்பும். ‘கெர்னல் தன்னிறுத்தம்’ என்பதே எங்கள் பரிந்துரை.

கெர்னல் நிரலைச் சீராய்வோருக்கு ஊப்ஸ், பேனிக் என்ற இந்த வேறுபாடு அன்றாடம் உதவும். புதிய நிரலில், நிபந்தனை மெய்யானால் கெர்னலை அங்கேயே வீழ்த்தும் ‘பக்_ஆன்’ கண்டால் திருப்பி அனுப்புங்கள். ஒரு சாதன இயக்கியின் சிக்கலுக்காக முழுக் கணினியையும் நிறுத்துவது பெரும்பாலும் அநியாயம். ஒருமுறை மட்டும் எச்சரிக்கும் ‘வார்ன்_ஆன்_ஒன்ஸ்’ போட்டு, பிழை எண்ணைத் திருப்பித் தருவதே முறை. ஆனால் ‘பேனிக்_ஆன்_வார்ன்’ அமைப்பு இயக்கப்பட்ட கணினிகளில் அந்த எச்சரிக்கையே தன்னிறுத்தமாகிவிடும். ஆகவே பயனர் தரும் தவறான உள்ளீட்டால் அது ஒருபோதும் தூண்டப்படக் கூடாது.

நினைவகம் ஒதுக்கும் ‘கேமல்லாக்’ தோற்று வெற்றுச் சுட்டி தந்தால், நினைவகம் இல்லை என்று சொல்லும் ‘இநோமெம்’ பிழை எண்ணை எதிர்க்குறியோடு திருப்பினால் போதும். ‘நினைவகம் போதவில்லை’ என்று தனிச் செய்தி வேண்டாம், ஒதுக்கீட்டுப் பகுதியே அதைப் பதிந்துவிடும். அதுவரை பெற்ற வளங்களைப் பெற்ற வரிசைக்கு நேர்மாறாக விடுவிக்க வேண்டும். நினைவகக் கசிவு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். திரும்பத் திரும்ப வரக்கூடிய செய்திக்கு, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ‘ரேட்லிமிட்டெட்’ வடிவம் தேவை. இயல்பாக அது 5 நொடிக்கு 10 செய்தியோடு நிறுத்திக்கொள்ளும். இல்லையேல் பதிவுத் தாங்கல் நிரம்பி, முதல் காரணம் சொன்ன வரி மேலெழுதப்பட்டுவிடும்.

லினக்ஸ் மூலநிரலின் இயல்பு அமைப்பில் தன்னிறுத்தத்துக்குப் பின் கணினி அப்படியே காத்திருக்கும். கெர்னலின் தொடக்கக் கட்டளை வரியில் ‘பேனிக்=10’ என்று கொடுத்தால் 10 நொடியில் மறுதொடக்கம் ஆகும்; நினைவகத்தைப் படியெடுக்கும் கேடம்ப் வசதியை அமைத்திருந்தால் நினைவகப் படியும் மிஞ்சும்.