ஹைலைட்: தேர்வு வேறு, எடுப்பு வேறு

எக்செல் போன்ற விரிதாளில் ஒரு கட்டத்தில் போய் நின்றதும் அதன் ரோவும் (கிடை வரிசை) காலமும் (column, செங்குத்து வரிசை) இலேசான நிறத்தில் தெரிவதைத்தான் ‘ஆக்டிவ் ரோ, காலம் ஹைலைட்’ என்கிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. வலக்கோடியில் இருக்கும் எண் எந்தப் பெயருக்கு உரியது என்று திரையில் விரல் வைத்துத் தேடும் வேலை இதனால் மிச்சம்.

ஹைலைட் ஓவியர்களின் சொல். படத்தில் வெளிச்சம் மிகுதியாக விழுகிற இடம் அது. கண்மணியில் கடைசியாக வைக்கும் வெள்ளைப் புள்ளியைப் போல. பிறகு வரிகள் மேல் மஞ்சள் பூசும் பேனாவுக்கு வந்தது, அப்புறம் கணினித் திரைக்கு. இதைச் ‘சிறப்பம்சம்’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. கிரிக்கெட் ஹைலைட்ஸுக்கு அது சரி, கட்டத்துக்குச் சரிவராது.

‘தேர்ந்தெடுத்தல்’ என்பது அதைவிட மோசம். எக்செலில் ஷிப்ட்டுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் முழு ரோவும் நிறம் மாறும். அதுதான் தேர்வு. அப்போது டெலீட் விசையைத் தட்டினால் அந்த ரோவில் இருப்பது அத்தனையும் போய்விடும். வெறும் ஹைலைட்டில் அதே விசை, நிற்கிற ஒரு கட்டத்தை மட்டுமே காலி செய்யும். ஆகவே ‘எடுப்பாகக் காட்டுதல்’ என்பதே என் தேர்வு. ‘இந்த நிறம் எடுப்பாக இருக்கிறது’ என்று தினமும் சொல்கிறோமே, அதே எடுப்புதான்.

ஆக்டிவ் என்பதற்குச் ‘செயல்படும்’ வேண்டாம். மற்ற கட்டங்களில் சூத்திரங்கள் சும்மாவா இருக்கின்றன? நடப்பு ஆண்டு, நடப்புக் கணக்கு என்பதுபோல ‘நடப்புக் கட்டம்’ போதும்.

ரோ, காலம் இரண்டுக்கும் பள்ளிக் கணக்கிலேயே, அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடத்தில், நல்ல சொற்கள் இருக்கின்றன: கிடையாகப் போவது நிரை, செங்குத்தாக இறங்குவது நிரல். ஆநிரையில் வரும் நிரை வரிசையையும் கூட்டத்தையும் குறிக்கும். நிரல் என்றாலும் ஒழுங்கு, வரிசைதான். செங்குத்து என்ற பொருள் அதில் முதலில் இல்லை. ஆனால் செய்யுளில் சொற்களை ஒரு வரிசையில் அடுக்கி, அவற்றுக்கு உரியவற்றையும் அதே வரிசையில் அடுக்கும் நிரல்நிறை அணியை நினைத்துப் பாருங்கள். குறளின் 45ஆம் பாடலில் முதலடியில் அன்பும் அறனும், இரண்டாமடியில் பண்பும் பயனும் வருகின்றன. மேலும் கீழுமாக எழுதினால் அன்புக்குக் கீழே பண்பு, அறனுக்குக் கீழே பயன். காலத்துக்கு நிரல் என்று வைத்தது பொருத்தமாகத்தான் படுகிறது.

மைக்ரோசாஃப்ட் 365 எக்செலில் இந்த வசதியின் பெயர் ‘ஃபோகஸ் செல்’. வியூ தாவலில் இருக்கிறது. லிப்ரேஆபிஸ் கால்க்கிலும் வியூ மெனுவில் உண்டு. கட்டத்துக்கு நீங்கள் கொடுத்த நிறத்தை இது மாற்றுவதில்லை, அணைத்ததும் தாள் பழையபடி ஆகிவிடும். இவை வராத பழைய எக்செலில் நிபந்தனை வடிவூட்டலில் (கண்டிஷனல் ஃபார்மேட்டிங்) சூத்திரம் எழுதி நிறம் கொண்டுவரலாம். ஆனால் கட்டம் மாறும்போதெல்லாம் எஃப்9 தட்ட வேண்டும், இல்லையென்றால் அதைத் தானாகச் செய்யும் ஒரு சிறு நிரலை (மேக்ரோ) எழுத வேண்டும்.