ஃபார்மலினில் மிதக்கும் ஈரலில் கிருமியைத் தேட முடியாது

ஒரே வாரத்தில் எட்டுச் செம்மறிகளைப் பறிகொடுத்த ஆட்டுக்காரர் ஒருவர், பஸ் மாறி மாறி வந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எங்கள் ஆய்வக மேசையில் வைத்தார். ஈரல், குடல், நுரையீரல் எல்லாம் ஒன்றாக ஃபார்மலினில் மிதந்தன. கெட்டுப்போகாது என்று யாரோ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பதற்குத்தான் ஃபார்மலின். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு உயிருள்ள பாக்டீரியா வேண்டும். அந்த டப்பாவில் ஒன்றுகூட உயிரோடு இருந்திருக்காது. இப்படிப்பட்ட மாதிரிகள் வருவது நிற்கவே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இதைவிட என்னை வருத்துவது, அறிக்கை படிக்கப்படும் விதம். 'பாக்டீரியா வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கொடுத்தால், 'ஆட்டுக்கு நோயே இல்லையாம்' என்று ஊரில் பேச்சாகிவிடுகிறது. மீதி ஆடுகளுக்கான சிகிச்சையும் நின்றுபோகிறது. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த மாதிரியிலிருந்து, கிருமி வளர்க்க நாங்கள் பயன்படுத்திய ஊடகத்தில், நாங்கள் காத்திருந்த நாட்களுக்குள் எதுவும் வளரவில்லை. அந்த வரி சொல்வது அவ்வளவுதான். மூன்று நாள் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுவிட்டு நான்காம் நாள் சளி எடுத்தால், நோய்க்கிருமி வளராமல் போக வாய்ப்பு அதிகம். ஆடு அப்போதும் இருமிக்கொண்டுதான் இருக்கும்.

கிருமிக்குக் கிருமி தேவையும் மாறுகிறது. நுரையீரலைத் தாக்கும் பாஸ்டுரெல்லாவும் மான்ஹெய்மியாவும், ரத்தம் கலந்த ஊடகமான ரத்த அகரில் 37 டிகிரி செல்சியஸில் ஒரே இரவில் வளர்ந்துவிடும். கிளாஸ்ட்ரிடியத்துக்கு ஆக்சிஜன் நீக்கிய ஜாடி வேண்டும். கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லாவுக்கு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆட்டை மெல்ல மெல்ல எலும்பும் தோலுமாக்கும் ஜோனிஸ் நோயின் கிருமி, அது வளரத் தேவையான மைகோபேக்டின் சேர்த்த ஊடகத்திலும் மாதக்கணக்கில் நேரம் எடுக்கும். எந்த நோயைச் சந்தேகிக்கிறீர்கள் என்று எழுதாமல், 'ஆடு இறந்துவிட்டது, பரிசோதிக்கவும்' என்று மட்டும் சீட்டு அனுப்பினால் நாங்கள் எதில் வளர்ப்பது? சக மருத்துவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

எது வளர்ந்தாலும் அதுதான் சாவுக்குக் காரணம் என்று நினைப்பதும் தவறு. மழைக்குப் பின் தளிர்ப்புல்லை வயிறார மேய்ந்த கொழுத்த குட்டிகள் விடியும்போது செத்துக் கிடக்கும் துள்ளுமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் நலமான ஆட்டின் குடலிலும் இருக்கக்கூடியது. ஆடு இறந்த சில மணி நேரத்தில் உடலெங்கும் பரவிப் பெருகிவிடும். ரத்த அகரில் அதைச் சுற்றி ரத்தம் சிதைந்து உண்டாகும் இரட்டை வளையத்தைப் பார்த்ததும் துள்ளுமாரி என்று எழுதிவிட முடியாது. டி வகைக் கிருமி உண்டாக்கும் எப்சிலான் நச்சு குடல் திரவத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நச்சும் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் இறந்த உடனேயே சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையும் கட்டி ஐஸில் அனுப்புங்கள். தாமதமாகும் என்றால், திரவத்தைத் தனியாக எடுத்து 10 மில்லிக்கு ஒரு சொட்டு குளோரோஃபார்ம் விடலாம். அது நச்சுப் பரிசோதனைக்கு மட்டும். கல்ச்சருக்கு வேறு மாதிரி வேண்டும்.

முதல் ஊசிக்கு முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள். போட்டாயிற்று என்றால் மருந்தின் பெயரையும் தேதியையும் மறைக்காமல் எழுதுங்கள், யாரும் திட்டப்போவதில்லை. அழுகிய சடலத்தைவிட, காய்ச்சலோடு நிற்கும் மருந்து படாத ஆடு எங்களுக்கு எவ்வளவோ மேல். ஒவ்வொரு உறுப்பும் சுத்தமான தனி டப்பாவில் வர வேண்டும். ஐஸ் பெட்டி போதும், ஃப்ரீசர் வேண்டாம். சடலம் அழுகிவிட்ட நிலையில் தொண்டை அடைப்பான் சந்தேகம் இருந்தால், உடையாத கால் எலும்பு ஒன்றை முழுதாக அனுப்புங்கள். மற்ற உறுப்புகள் கெட்ட பிறகும் மஜ்ஜையில் பாஸ்டுரெல்லா கிடைக்கலாம். வளர்ந்த கிருமி எந்த ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படும் என்று சொல்ல மேலும் ஓரிரு நாள் ஆகும். அன்று மாலையே முடிவு கேட்டு நிற்காதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். திடீரென்று இறந்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால் கத்தியைத் தொடாதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். சடலத்தைத் திறந்தால் கிருமி காற்றுப்பட்டு வித்துகளாக மாறி, உங்கள் மேய்ச்சல் நிலத்தில் பல பத்தாண்டுகள் கிடக்கும். தோலை உரிப்பவருக்கும் கறியை அறுப்பவருக்கும் அது தொற்றும். நாய் நெருங்காமல் காவல் வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் காது ரத்தக்குழாயிலிருந்து எடுத்து ஸ்லைடில் தடவித் தரும் ஒரு துளி ரத்தத்திலேயே எங்கள் பரிசோதனையைத் தொடங்கிவிடலாம்.