மார்பின் ஏற்ற இறக்கத்தை ஃபோன் எப்படிக் கேட்கிறது?

குறட்டை விட்டுத் தூங்குபவரைப் பார்த்து, "நல்லா அசந்து தூங்குறார்" என்பது நம் வீடுகளில் வழக்கம். அந்தக் குறட்டை சட்டென்று நின்று, சில நொடிகள் கழித்துப் பெரிய திணறலோடு மறுபடி தொடங்கினால், அது நல்ல தூக்கமே இல்லை. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி எழுப்பிவிடுகிறது. காலையில் அவருக்கு இது எதுவும் நினைவிருக்காது, பகலெல்லாம் தூக்கம் மட்டும் சொக்கும். இதுதான் ஸ்லீப் ஆப்னியா. 10 நொடியாவது மூச்சு நிற்பதோ வெகுவாகக் குறைவதோ மணிக்கு எத்தனை முறை நடக்கிறது என்பதுதான் கணக்கு. 5-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 30-ஐத் தொட்டால் தீவிரம்.

இதை உறுதி செய்ய, வழக்கமாகத் தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டிக்கொண்டு ஓர் இரவு ஆய்வகத்தில் படுக்க வேண்டும். செலவும் கூடுதல். பலர் பரிசோதனைக்கே போகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2015-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராஜலட்சுமி நந்தகுமார், ஷ்யாம் கொல்லகோட்டா, நதானியேல் வாட்சன் ஆகியோர் வேறு வழி காட்டினார்கள். சாதாரண ஸ்மார்ட்ஃபோனின் ஸ்பீக்கரும் மைக்கும் ஒரு செயலியும் போதும், உடம்பில் எதையும் ஒட்ட வேண்டாம்.

ஃபோனைக் கட்டில் பக்கத்தில் வைத்தால், ஸ்பீக்கர் 18 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது கேட்காது. மார்பில் பட்டுத் திரும்பும் எதிரொலியை மைக் பிடிக்கிறது. ஒரு மீட்டர் தூரம் போய்த் திரும்ப ஒலிக்குச் சுமார் 6 மில்லிநொடி ஆகும். அதற்குள் ஸ்பீக்கரின் சுருதி மேலே ஏறியிருக்கும். வந்த ஒலிக்கும் இப்போது போகும் ஒலிக்கும் உள்ள சுருதி வித்தியாசமே தூரத்தைச் சொல்லிவிடுகிறது. 10 மில்லிநொடியில் 2,000 ஹெர்ட்ஸ் ஏறுவதாக வைத்துக்கொண்டால், மார்பு ஒரு சென்டிமீட்டர் உயரும்போது அந்த வித்தியாசம் சுமார் 12 ஹெர்ட்ஸ் மாறும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இவ்வளவு சின்ன மாற்றம், தொடர்ந்து பதிவாகும்போது மூச்சின் அலையாகத் தெரிகிறது. அருகில் இன்னொருவர் படுத்திருந்தாலும் அவர் இருக்கும் தூரம் வேறு என்பதால், இருவரின் மூச்சையும் பிரித்துவிடலாம்.

சரி, மூச்சுத்தடையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஸ்லீப் ஆப்னியாவில் தொண்டை அடைபடாத இன்னொரு வகையும் உண்டு. மூளையே மூச்சுவிடச் சொல்லாத அந்த வகை என்றால், அலை தட்டையாகிவிடும். தொண்டை அடைபடும் வகை சிக்கலானது. காற்று உள்ளே போகாவிட்டாலும் மார்பும் வயிறும் முயன்றுகொண்டேதான் இருக்கும். தடை விலகும்போது வரும் திடீர்ப் பெருமூச்சும் உடல் அசைவும் அப்போது முக்கியமான தடயம்.

சியாட்டிலின் ஹார்பர்வியூ மருத்துவமனையில் 37 பேரிடம் சோதித்தபோது, ஆய்வக முடிவோடு 98 சதவீதம் ஒத்துப்போனதாகக் குழு அறிவித்தது. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் 37 பேர் என்பது சிறிய கூட்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒலி அலை அசைவைத்தான் அளக்கிறது, ரத்த ஆக்சிஜனையோ மூளை அலைகளையோ அளப்பதில்லை. ஒருவர் தூக்கம் வராமல் அசையாமல் படுத்திருந்த நேரத்தையும் தூங்கிய நேரமாக எண்ணிவிட்டால், மணிக்கு எத்தனை முறை என்ற கணக்கு உண்மையைவிடக் குறைவாக வரும். அதனால் செயலி "பரவாயில்லை" என்று காட்டினாலும், பகலில் தூக்கம் சொக்கினாலோ, மூச்சு நிற்பதை வீட்டில் யாராவது பார்த்தாலோ, மருத்துவரிடம் போய் முறையான பரிசோதனை செய்துகொள்வதே சரி.